ரயில்வே கேட்டில் தேங்கும் வண்டி வரிசையைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது எப்படி? டெல்டா ஊர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காலை எட்டே முக்கால். கேட் விழுந்துவிட்டது. முதலில் வந்து நிற்பது ஒரு கல்லூரி பஸ். அதன் இடப்பக்கச் சந்தில் நாலு டூவீலர் நுழைகிறது. வலப்பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ ஏறி நிற்கிறது. அந்த ஆட்டோவுக்குப் பின்னால் ஒரு கார், காருக்குப் பின்னால் ஒரு குட்டி யானை சரக்கு வண்டி. ஐந்து நிமிடத்தில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் சாலை முழுக்க இந்தப் பக்கத்து வண்டிகள், அந்தப் பக்கம் சாலை முழுக்க அந்தப் பக்கத்து வண்டிகள். ரயில் போகிறது. கேட் தூக்குகிறது. இரண்டு கூட்டமும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை ரயில் பாதையை ஒட்டி வாழும் எவருக்கும் இந்தக் காட்சி பழக்கம். "வண்டி பெருத்துப் போச்சு" என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் நம்பினேன். உட்கார்ந்து எண்ணி, கணினியில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் வேறொன்று புரிந்தது. எத்தனை வண்டி வருகிறது என்பதைவிட, கேட் திறந்ததும் நிமிடத்துக்கு எத்தனை வண்டி வெளியேறுகிறது என்பதில்தான் எங்கள் ஊர் நெரிசலின் முடிச்சு இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த முடிச்சை நீங்களே உங்கள் ஊரில் கண்டுபிடிப்பதற்கான வழிமுறை. பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு லேப்டாப், ஒரு செல்போன், ஒரு கணக்கு நோட்டு, நாலைந்து நாள் பொறுமை போதும்.

முதலில் ஒரு முடிச்சு மட்டும்

புதிதாக ஆரம்பிப்பவர்கள் ஊர் முழுவதையும் கணினிக்குள் கொண்டுவர ஆசைப்படுவார்கள். கும்பகோணம் என்றால் மகாமகக் குளத்தின் நாலு கரை, பேருந்து நிலையம், பெரிய கடை வீதி, ரயிலடி எல்லாம். வேண்டாம். நூறு சந்திப்பு உள்ள மாடலில் (கணினிக்குள் நாம் கட்டும் மாதிரிச் சாலைதான் மாடல்) நூறு சந்திப்பையும் எண்ணியாக வேண்டும். எண்ணாத இடத்தில் கணினி தன் இஷ்டத்துக்கு ஓட்டும். திரையில் வண்டிகள் அழகாக ஓடும். அதில் உங்கள் ஊர் இருக்காது.

ஒரு கேட், அல்லது ஒரு பாலம், அல்லது ஒரு முக்கூட்டு. அதன் இரு பக்கமும் அரை கிலோமீட்டர். அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேள்வியையும் ஒரே வரியில் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். "கேட் திறந்த பிறகு வரிசை முழுக்கக் கரைய எத்தனை நிமிடம் ஆகிறது, அதைக் குறைக்க என்ன செய்யலாம்?" என்பது நல்ல கேள்வி. "எங்கள் ஊர் டிராஃபிக் ஏன் இப்படி இருக்கிறது?" என்பதற்கு எந்த மாடலும் பதில் சொல்லாது.

கணினிக்கு முன்னால் புளியங்கொட்டை

மென்பொருளைத் தொடுவதற்கு முன் இதை ஒருமுறை செய்து பாருங்கள். அரை மணி நேர வேலை. நெரிசல் எப்படிப் பிறக்கிறது என்பது கைக்குத் தெரிந்துவிடும்.

கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு வரிசைக் கட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் சாலை. ஒரு கட்டம் ஏழரை மீட்டர். ஒரு கட்டத்தில் ஒரு வண்டி, அதாவது ஒரு புளியங்கொட்டை. ஒரு சுற்று என்பது ஒரு நொடி. ஒவ்வொரு சுற்றிலும் எல்லா வண்டிக்கும் நாலு விதி.

முதல் விதி: வண்டி தன் வேகத்தை ஒன்று கூட்டிக்கொள்ளும், உச்ச வேகம்வரை. நம் சாலைக்கு நொடிக்கு 2 கட்டம் போதும், அது மணிக்கு 54 கிலோமீட்டர். இரண்டாவது: முன்னால் எத்தனை கட்டம் காலியோ அதற்கு மேல் வேகம் கூடாது. மூன்றாவது: பகடையை உருட்டுங்கள், 1 அல்லது 2 விழுந்தால் அந்த வண்டி காரணமே இல்லாமல் ஒரு படி வேகம் குறைக்கும். போன் பார்த்தார், மாடு குறுக்கே வந்தது, ஏதோ ஒன்று. நான்காவது: எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் தன் வேகத்துக்குத் தக்க கட்டங்கள் நகரும்.

இப்போது மூன்று கொட்டைகளை 1, 4, 7-ஆம் கட்டங்களில் வையுங்கள். எல்லாம் வேகம் 2. முதல் சுற்றில் முன்வண்டிக்கு மட்டும் பகடை கெட்டதாக விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 7-லிருந்து 8-க்கு மட்டும் போகும். நடுவண்டி 6-க்கும் கடைசி வண்டி 3-க்கும் வந்துவிடும். இரண்டாவது சுற்றில் முன்வண்டி தெளிந்து 10-க்குப் போய்விட்டது. ஆனால் நடுவண்டிக்கு முன்னால் ஒரே ஒரு கட்டம்தான் காலியாக இருந்தது, அதனால் 7-க்கு மட்டும் நகர்கிறது. கடைசி வண்டி 5-க்கு வருகிறது. மூன்றாவது சுற்றில் நடுவண்டி 9-க்குப் போகிறது, இப்போது கடைசி வண்டிக்கு முட்டுகிறது, அது 6-க்கு மட்டும்.

பிரேக் அடித்த இடத்தைப் பாருங்கள்: 8, 7, 6. வண்டிகள் முன்னால் போகின்றன, தடங்கல் பின்னால் வருகிறது. தப்பு செய்த வண்டி எப்போதோ போய்விட்டது, தண்டனை பின்னால் வருபவருக்கு.

இந்த நாலு விதியை 1992-இல் ஜெர்மனியைச் சேர்ந்த நாகல், ஷ்ரெக்கன்பெர்க் என்ற இரு இயற்பியலாளர்கள் வெளியிட்டார்கள். 2008-இல் ஜப்பானில் இதை உண்மைக் கார்களை வைத்தே செய்து காட்டினார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தில் 22 கார்கள், ஒரே வேகத்தில் போகச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, தடை இல்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே ஒரு நெரிசல் முளைத்து வட்டத்தில் பின்னோக்கிச் சுற்ற ஆரம்பித்தது.

எண்ணுவதுதான் உண்மையான வேலை

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். மீதியெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

கேட்டுக்குப் பக்கத்தில் மாடி உள்ள கடை ஏதாவது இருக்கும். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு மாடியில் போனை நிறுத்தி வீடியோ எடுங்கள். முகமும் நம்பர் பிளேட்டும் தெரிய வேண்டியதில்லை, வண்டியின் வகை தெரிந்தால் போதும். ஒரு கேட் மூடலுக்குக் குறைந்தது அரை மணி முன்பிருந்து, திறந்து வரிசை கரைந்து அரை மணி பின்புவரை. பிறகு வீட்டில் உட்கார்ந்து ஐந்து ஐந்து நிமிடமாக ஓடவிட்டு எண்ணுங்கள். பக்கத்துக்கு ஒரு தாள், வகைக்கு ஒரு வரி: சைக்கிள், டூவீலர், ஆட்டோ, கார், குட்டி யானை போன்ற சிறு சரக்கு வண்டி, பஸ், லாரி, டிராக்டர் டிரெய்லர், மாட்டு வண்டி. நாலு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே போடும் பழைய முறைதான் வேகமானது.

என் அக்கா மகன் கூட உட்கார்ந்து எண்ணினான். முதல் பத்து நிமிடத்திலேயே, "மாமா, டூவீலரை விட்டுடலாமா? எண்ணி மாளல" என்றான். விடக்கூடாது. நம் சாலையில் இடத்தை நிரப்புவதும், சந்தில் நுழைந்து வரிசையின் முனைக்குப் போய் நிற்பதும் அவைதான். கேட் திறந்ததும் முதலில் வெளியேறுவதும் அவைதான். அவற்றை விட்டுவிட்டால் வெளிநாட்டுச் சாலை ஒன்றைத்தான் மாடல் செய்துகொண்டிருப்போம்.

வண்டி எண்ணிக்கையோடு இன்னும் மூன்று விஷயங்கள் வேண்டும்.

கேட் மூடிய நேரம், திறந்த நேரம், நொடி சுத்தமாக. சிக்னலோடு பிணைக்கப்பட்ட கேட்டில், கேட்டை மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்குச் சிக்னல் விழும். அதனால்தான் ரயில் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே கேட் விழுந்துவிடுகிறது. கேட் கீப்பரைத் திட்டிப் பயனில்லை.

அடுத்து வரிசையின் நீளம். இதற்குக் கரண்ட் கம்பங்களைப் பயன்படுத்துங்கள். முந்தின நாளே கேட்டிலிருந்து ஒவ்வொரு கம்பத்துக்கும் எத்தனை மீட்டர் என்று டேப் பிடித்து அளந்து, நோட்டில் படம் போட்டுவிடுங்கள். பிறகு ஒருவர் வரிசையின் வால் பக்கம் நின்று, நிமிடத்துக்கு ஒருமுறை "மூணாவது கம்பம், நாலாவது கம்பம்" என்று குறித்தால் போதும்.

மூன்றாவதுதான் உயிர்நாடி. கேட் திறந்த நொடியிலிருந்து, 15 நொடிக்கு எத்தனை வண்டி தண்டவாளத்தைக் கடக்கிறது? ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக. இதை யாரும் எண்ணுவதில்லை. இதை எண்ணாவிட்டால் மாடல் போடுவதில் அர்த்தமில்லை.

எந்த நாள்? டெல்டாவில் இந்தக் கேள்வி லேசானது இல்லை. சாதாரண வேலை நாள் ஒன்று, முகூர்த்த நாள் ஒன்று, கட்டாயம். சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியில் இன்னொன்று. அப்போது கதிர் அறுக்கும் மெஷின்கள், கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டை ஏற்றிப் போகும் டிராக்டர்கள், வரிசைகட்டும் லாரிகள், சாலையின் பாதியில் காயும் நெல் எல்லாம் சேர்ந்து அது வேறு சாலையாகவே ஆகிவிடும். நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்கள் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா நாட்களைத் தனியாக எண்ணுங்கள். நடந்து போகிறவர்களையும் சேர்த்து.

மதகுக் கணக்கு: பேனாவும் தாளும்

சாலை நெரிசலுக்கான முக்கியமான கணிதக் கோட்பாடு ஒன்று 1955-இல் இங்கிலாந்தில் வந்தது. லைட்ஹில், விட்டம் என்ற இருவர் இரண்டு பகுதியாக எழுதினார்கள். இரண்டாவது பகுதி கூட்டமான நெடுஞ்சாலைகளைப் பற்றியது. முதல் பகுதி எதைப் பற்றியது தெரியுமா? நீண்ட ஆறுகளில் வெள்ளம் நகர்வதைப் பற்றி. ஆற்றையும் வாய்க்காலையும் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு கைவந்த கணக்குதான்.

மதகைப் பாதி அடைத்தால் மேல்பக்கம் தண்ணீர் ஏறும். எவ்வளவு ஏறும் என்பது வரும் தண்ணீருக்கும் வெளியேறும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம். அவ்வளவே. கேட்டும் அப்படித்தான்.

முதலில் எல்லா வண்டியையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1990-இல் கிராமப்புறச் சாலைகளுக்கு வெளியிட்ட வழிகாட்டியில் கார் 1 என்றால் டூவீலர் 0.5, பஸ்ஸும் லாரியும் 3, டிராக்டர் டிரெய்லர் 4.5, மாட்டு வண்டி 8. ஐந்து நிமிடத்தில் 40 டூவீலர், 8 கார், 2 பஸ், 2 டிராக்டர் வந்தால், 20 + 8 + 6 + 9, மொத்தம் 43 கார் அலகு.

சரி, இப்போது ஒரு கேட்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக வைத்தவை, நீங்கள் உங்கள் எண்களைப் போடுங்கள். ஒரு பக்கம் நிமிடத்துக்கு 10 அலகு வருகிறது. கேட் 7 நிமிடம் மூடியிருக்கிறது. தேங்கியது 70. திறந்ததும் வண்டிகள் தத்தம் பாதியில் ஒழுங்காக நின்றிருந்தால் நிமிடத்துக்கு 24 வெளியேறும் என்று வைப்போம். அதற்குள் புதிதாக 10 வந்து சேர்வதால், வரிசை நிமிடத்துக்கு 14 கரையும். 70-ஐ 14-ஆல் வகுத்தால் 5 நிமிடம். கேட் மூடியதிலிருந்து 12 நிமிடத்தில் சாலை பழையபடி ஓடுகிறது.

அதே கேட், அதே வண்டிகள், அதே 7 நிமிடம். ஆனால் இரு பக்கமும் எதிர்ப் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். முட்டிக்கொண்டு பின்வாங்கி, ஒருவர் இறங்கி வழி சொல்லி, நிமிடத்துக்கு 14 மட்டுமே வெளியேறுகிறது. கரைவது 4. எழுபதை நாலால் வகுத்தால் பதினேழரை நிமிடம். மொத்தம் இருபத்து நாலரை. நடுவில், 20 நிமிடத்தில் அடுத்த ரயிலுக்குக் கேட் விழுந்தால் முதல் வரிசையின் மிச்சத்தின் மேல் இரண்டாவது வரிசை ஏறும். அன்றைய காலை முழுக்கப் போயிற்று.

வண்டி ஒன்றுகூடக் கூடவில்லை. வெளியேறும் வேகம் மட்டும் 24-லிருந்து 14-ஆகக் குறைந்தது. இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்த அன்று எனக்கு வந்த கோபமும் நம்பிக்கையும் இன்னும் மறக்கவில்லை. மேம்பாலம் வரும்வரை ஒன்றும் செய்ய முடியாது என்று நாங்கள் கைகட்டி நின்றிருக்கிறோம்.

மென்பொருள்: சுமோ

கையால் போட்ட கணக்கு போதுமே, கணினி எதற்கு? டூவீலர் சந்தில் நுழைவது, பஸ் நிறுத்தத்தில் ஒரு பஸ் நிற்பது, பக்கத்துத் தெருவிலிருந்து டிராக்டர் ஏறுவது, இதையெல்லாம் ஒரே வாய்ப்பாட்டில் அடக்க முடியாது. ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அதற்கு நான் சொல்வது சுமோ. ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையம் 2001-லிருந்து வழங்கிவரும் திறந்த மூல மென்பொருள். இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், பழைய லேப்டாப்பே போதும். ஆலோசனை நிறுவனங்கள் அதிகம் வாங்குவது விஸ்ஸிம் என்ற கட்டண மென்பொருள். ஒரு கேட்டுக்கு அது தேவையில்லை. சுமோவோடு பைத்தான் என்ற நிரல் மொழியையும் நிறுவிக்கொள்ளுங்கள், அதன் துணைக் கருவிகள் பைத்தானில்தான் எழுதப்பட்டவை.

முதலில் சுமோவோடு வரும் ஓஎஸ்எம் வெப் விசார்ட் என்ற கருவியைத் திறந்தால் உலக வரைபடம் வரும். உங்கள் ஊரைத் தேடி, கேட்டைச் சுற்றி ஒரு சதுரம் வரைந்து, உருவாக்கச் சொன்னால் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச உலக வரைபடத்திலிருந்து சாலைகளை இறக்கித் தரும். அதற்கு முன் இடப்பக்கப் போக்குவரத்து என்ற குறியைப் போட மறக்காதீர்கள். மறந்தால் எல்லா வண்டியும் வலது பக்கம் ஓடும்.

இறக்கிய சாலையை அப்படியே நம்பவும் கூடாது. வேக வரம்பு குறிக்கப்படாத சாலைகளுக்கு அது ஜெர்மனி வழக்கப்படி ஒரு வேகத்தை வைத்துவிடும், முக்கியச் சாலை என்றால் மணிக்கு 100 கிலோமீட்டர். நம் டவுன் பஸ் அந்த வேகத்தில் போவதில்லை. நெட்எடிட் என்ற பகுதியில் ஒவ்வொரு சாலைத் துண்டாகத் தொட்டு வேகம், தடங்களின் எண்ணிக்கை, அகலம் மூன்றையும் திருத்துங்கள். அகலத்தை நேரில் அளந்து போடுங்கள். ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் கடைப் பலகை என்று இருக்கும் இடத்தில் காகிதத்தில் உள்ள அகலம் வேறு, வண்டி போகும் அகலம் வேறு.

நம் வண்டிகளைச் செய்வது

சுமோ தானாகத் தருவது 5 மீட்டர் நீளமுள்ள கார். முன்வண்டிக்கும் தனக்கும் நின்றால் 2.5 மீட்டர் இடைவெளி விடும். ஒரு தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். அருமையான ஒழுங்கு, நம் கேட்டில் கிடையாது.

அதனால் வண்டி வகைகளை நாமே எழுத வேண்டும். டூவீலருக்கு நீளம் 1.9 மீட்டர், அகலம் 0.7, நிற்கும் இடைவெளி அரை மீட்டர். ஆட்டோவுக்கு நீளம் சுமார் 2.7, அகலம் 1.3. பஸ்ஸுக்கு 11 முதல் 12 மீட்டர், அகலம் 2.5. நெல் ஏற்றிய டிராக்டருக்கு டிரெய்லரோடு சேர்த்து ஏழெட்டு மீட்டர், உச்ச வேகம் மணிக்கு இருபதைச் சுற்றி, முடுக்கம் மிகக் குறைவு. தண்டவாள மேட்டில் அது ஏறி இறங்கும் நேரத்தை வீடியோவில் பார்த்து அதற்கேற்பக் குறையுங்கள்.

அடுத்து, லேட்டரல் ரெசல்யூஷன் என்ற அமைப்பை அரை மீட்டர் அளவுக்கு வையுங்கள். இதை வைத்தால்தான் ஒரு தடத்தைச் சிறுசிறு கீற்றுகளாகப் பிரித்து, காரின் பக்கத்தில் டூவீலர் நிற்கவும் சந்தில் முன்னேறவும் சுமோ அனுமதிக்கும். வைக்காத மாடலில் டூவீலரும் ஒரு முழுத் தடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், வரிசை உண்மையைவிட இரண்டு மூன்று மடங்கு நீளும். இந்தியச் சாலைக்கு மாடல் போடும் எவரும் தவறவிடக் கூடாத அமைப்பு இது.

வண்டிகளை விடுவது எளிது. வெப் விசார்ட் தானாக விடும் தாறுமாறான பயணங்களை நீக்கிவிட்டு, எண்ணிய தாளைப் பார்த்து, திசைவாரியாக, வகைவாரியாக, கால் மணி நேரத்துக்கு இத்தனை என்று போடுங்கள். முதல் 15 நிமிடம் சாலை நிரம்புவதற்கு. அந்த நேரத்தின் முடிவுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேட்டை வைப்பது, இரண்டு பொறிகள்

சுமோவில் ரயில்வே கிராசிங் என்றே ஒரு வகை உண்டு. அது ரயில் வரச் சில நொடிகளுக்கு முன் மூடும். நம் கேட் அப்படி இல்லை. அதனால் கேட் இருக்கும் இடத்தில் ஒரு சாதாரண டிராஃபிக் சிக்னலை வைத்து, நீங்கள் குறித்த நேரப்படி 7 நிமிடமோ 9 நிமிடமோ சிவப்பு கொடுத்துவிடுங்கள்.

முதல் பொறி இங்கேதான். சுமோ இயல்பாக, ஒரே இடத்தில் 300 நொடிக்கு மேல் சிக்கி நிற்கும் வண்டியை அதன் பாதையில் அடுத்த காலி இடத்துக்குத் தூக்கி வைத்துவிடும். பெரிய மாடல்கள் முடங்கிப் போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. நெரிசலைப் பார்க்கவே மாடல் போடும் நமக்கு இது கேடு. வரிசையின் முனையிலிருந்து வண்டிகள் காணாமல் போகும், வரிசை சின்னதாகத் தெரியும். டைம் டு டெலிபோர்ட் என்ற அமைப்பில் கழித்தல் ஒன்று என்று போட்டு இதை அணைத்துவிடுங்கள். எனக்கு ஒரு முழு வாரம் இதில் போனது. முடிவு நன்றாக வருகிறதே என்று வேறு சந்தோஷப்பட்டிருந்தேன்.

இரண்டாவது பொறி, எதிர்ப் பாதியை அடைத்து நிற்பது. சுமோ வண்டிகள் இதைச் செய்யாது. மூடிய கேட்டுக்கு முன்னால் அவை தம் பக்கத்திலேயே நிற்கும். நான் செய்யும் வழி இது: கேட் திறந்ததும் ஒரேயடியாகப் பச்சை தராமல், முதல் சில நிமிடங்களுக்கு விட்டு விட்டுப் பச்சை தருவது. வீடியோவில் 15 நொடிக்கு எத்தனை வண்டி கடந்ததோ, அதே எண்ணிக்கை மாடலிலும் கடக்கும்வரை பச்சையின் நொடிகளைக் கூட்டிக் குறைத்துப் பொருத்துவது. முட்டல் அதில் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் முட்டலால் குறையும் வெளியேற்றம் அப்படியே வந்துவிடும். உயிர்நாடி என்று சொன்னேனே அந்த எண்ணிக்கை, அது இங்கேதான் கைகொடுக்கிறது.

உண்மையோடு பொருந்துகிறதா?

கேட்டுக்குப் பக்கத்திலும் அரை கிலோமீட்டர் தள்ளியும் டிடெக்டர்களை (மாடலுக்குள் வண்டி எண்ணும் கருவிகள்) வைத்தால், கடந்த வண்டிகளையும் வரிசை நீளத்தையும் சுமோ எழுதித் தரும். வண்டி எண்ணிக்கையை ஒப்பிட உலகெங்கும் போக்குவரத்துப் பொறியாளர்கள் பயன்படுத்துவது ஜிஇஎச் என்ற அளவு. மாடல் எண்ணுக்கும் நேரில் எண்ணியதற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி, இரண்டால் பெருக்கி, இரண்டு எண்களின் கூட்டலால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் நேரில் 420, மாடலில் 350 என்றால்: வித்தியாசம் 70, வர்க்கம் 4900, இரட்டித்தால் 9800, அதை 770-ஆல் வகுத்தால் 12.7, வர்க்கமூலம் சுமார் 3.6. ஐந்துக்குக் கீழ் வந்தால் ஏற்கலாம் என்பது வழக்கம்.

ஆனால் எனக்கு இதைவிடக் கரண்ட் கம்பம்தான் பெரிய சாட்சி. நேரில் வரிசை ஆறாவது கம்பம்வரை போனது, மாடலில் மூன்றாவது கம்பத்தோடு நின்றால், ஜிஇஎச் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாடல் தப்பு.

இன்னொன்று, ஒரே ஓட்டத்தை நம்பாதீர்கள். புளியங்கொட்டை விளையாட்டில் பகடை மாறினால் முடிவும் மாறும். சுமோவிலும் உள்ளே பகடை உண்டு. அந்தப் பகடை எப்படி விழும் என்பதை முடிவு செய்யும் சீட் என்ற எண்ணை மாற்றி மாற்றிப் பத்து முறை ஓட்டுங்கள். சராசரியையும் மிக மோசமான ஒன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் கேள்வி கேட்கலாம்

மாடல் நேற்றைய காலையைச் சரியாகக் காட்டிவிட்டதா? இப்போதுதான் அதற்கு மதிப்பு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

கேட்டின் இரு பக்கமும் நூறு மீட்டருக்குச் சாலை நடுவில் தடுப்பு வைத்தால்? விட்டு விட்டுத் தந்த பச்சையை முழுப் பச்சையாக்கி ஓட்டுங்கள். கேட்டை ஒட்டிய பஸ் நிறுத்தத்தை 150 மீட்டர் தள்ளினால்? நெல் காயும் நாளில் ஒரு பக்கத் தடத்தின் அகலத்தைப் பாதியாக்கினால்? டிராக்டர்கள் பள்ளி நேரமான எட்டரையிலிருந்து ஒன்பதேகால்வரை வராமல் இருந்தால்? கடைசிக் கேள்விக்கு விவசாயிகளின் பக்கத்தையும் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும். மூட்டை மழையில் நனையும் நாளில் அவர்களை நிறுத்தி வைக்க எந்த மாடலுக்கும் உரிமையில்லை.

மாற்றுப் பாதை பற்றி யோசிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். டெல்டாவில் சாலைகளின் கணக்கு உண்மையில் பாலங்களின் கணக்கு. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போக வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறு தாண்ட வேண்டும். கும்பகோணம் காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே கிடக்கிறது. வரைபடத்தில் எத்தனை தெரு இருந்தாலும் திருப்பிவிட்ட வண்டி கடைசியில் ஏதோ ஒரு பாலத்துக்குத்தான் வரும். ஆகவே மாற்றுப் பாதையை ஓட்டிப் பார்க்கும்போது சதுரத்தைப் பெரிதாக்கி அந்தப் பாலத்தையும் உள்ளே கொண்டுவாருங்கள், அங்கேயும் போய் எண்ணுங்கள். 2028-இல் அடுத்த மகாமகம் வருகிறது. வெளியூர் வண்டிகளை எங்கே நிறுத்துவது, எந்தப் பாலத்தில் ஒருவழி ஆக்குவது என்று ஓட்டிப் பார்க்க இப்போதிருந்து எண்ண ஆரம்பித்தால்தான் சரியாக இருக்கும். நடந்து போகும் கூட்டம் தனி விஷயம், அதற்கு வேறு மாடல்கள் வேண்டும். வண்டி மாடலை வைத்து மனிதர்களைக் கணக்கிடாதீர்கள்.

மேம்பாலம் கேட்கும் ஊர்களுக்கும் இந்த எண்ணிக்கை உதவும். கேட்டை ஒரு நாளில் கடக்கும் ரயில்களையும் ரயில்வே முறைப்படி கணக்கிட்ட சாலை வண்டி அலகுகளையும் பெருக்கி வரும் எண் 1 லட்சத்தை எட்டினால், ரயில்வேயும் மாநில அரசும் செலவைப் பகிர்ந்து மேம்பாலம் கட்டப் பரிசீலிப்பது வழக்கமாக இருந்துவந்திருக்கிறது. 40 ரயிலும் 2500 வண்டி அலகும் இருந்தாலே அந்த எண் வந்துவிடும். அதற்கு 24 மணி நேரமும் எண்ணியிருக்க வேண்டும், ஊர்க்காரர்கள் முறை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் முடியும்.

மனு எழுதப் போகும்போது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். ஒரே ஒரு தாள். மேலே இன்றைய வரிசை எத்தனையாவது கம்பம்வரை, எத்தனை நிமிடம். கீழே தடுப்பு வைத்தால் எத்தனையாவது கம்பம்வரை, எத்தனை நிமிடம். பின்பக்கத்தில் எண்ணிய தேதியும் நேரமும் எண்ணியவர்களின் கையெழுத்தும். நாங்கள் அப்படித்தான் ஒரு தாள் தயார் செய்தோம். முதலில் அதை வாங்கிப் படித்தவர் எங்கள் கேட் கீப்பர். கம்பங்களை விரல் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு, "எட்டேமுக்கால் வண்டிக்குச் சரியாத்தான் இருக்கு, சாயங்காலத்தையும் எண்ணுங்க சார், அது இதைவிட மோசம்" என்றார். இந்த வாரம் சாயங்காலத்தை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.